எபிசோட் எழுத்து வடிவம்: ஆண்டிபயாட்டிக் குடுத்தா வயித்தால போகுது, அந்தக் குட்டி பாட்டில் வேலை செய்யுதா?

(பேசினதை வாசிக்கத் தோதா கொஞ்சம் வெட்டி ஒட்டியிருக்கு. பின்னாடி கேக்குற பிரஷர் குக்கர் விசிலை மட்டும் எழுத முடியல.)

போன வாரம் அப்ரைசல் பத்திப் பேசினோம், இந்த வாரம் வயித்துப்போக்கு பத்திப் பேசப் போறோம். சாப்பிட்டுக்கிட்டு கேக்குறவங்க ஒரு அரை மணி நேரம் கழிச்சு வாங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்.

முதல்லயே சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல. ஈ.சி.இ. படிச்சிட்டு, மதுரையில உக்காந்து பெங்களூர் கம்பெனிக்கு பேக்எண்ட் கோட் எழுதுறவன். ஆனா எனக்கு ஒரு மருமகன் இருக்கான். அக்கா பையன். அப்ப அவனுக்கு ஒரு வயசு எட்டு மாசம். அவனுக்கு நடந்தது ஒரு ராத்திரிக் கதை. அந்த ராத்திரியில நான் செஞ்ச முட்டாள்தனத்தையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.

2025 மே மாசம். திருமங்கலத்துல இருக்குற அக்கா வீட்டுல பையனுக்கு மூணு நாளா காய்ச்சல், மூக்கு ஒழுகுது, இருமல். பக்கத்துல ஒரு கிளினிக்ல காமிச்சாங்க. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் எழுதிக் குடுத்தாங்க. பவுடரா வரும், தண்ணி ஊத்திக் குலுக்கி ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமே, அதுதான். குடுக்க ஆரம்பிச்ச ரெண்டாவது நாள் காலையில இருந்து வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலத்துக்குள்ள ஏழு தடவை. மச்சான் மெடிக்கல்ல போய்ச் சொன்னதுக்கு, மாத்திரை அட்டை மாதிரி வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்குற குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பாட்டில் குடுத்திருக்காங்க. கூடவே ஆரஞ்சு கலர்ல ஒரு டெட்ரா பேக் ஜூஸ்.

ராத்திரி ஒம்பதரைக்கு அக்கா போன். "டேய் தம்பி, இந்தக் குட்டி பாட்டில்ல நல்ல பாக்டீரியா இருக்காம்டா. பாத்தா வெறும் தண்ணி மாதிரி இருக்கு. ஒரு பாட்டிலுக்கு இவ்ளோ ரேட் போட்டிருக்கான். இது நெசந்தானா, ஏமாத்து வேலையா? நீதான் எல்லாத்தையும் நெட்ல பாப்பியே, பாத்துச் சொல்லு."

இப்படி ஒரு கேள்வி கேட்டா நம்ம மாதிரி ஆளுக்கு எப்படி இருக்கும்? லேப்டாப்பைத் தொறந்தாச்சு. அரை மணி நேரத்துல பதினாலு டேப். பாக்டீரியா பேரு, ஆராய்ச்சிக் கட்டுரை, அதுக்கு எதிரா இன்னொரு கட்டுரை. ஸ்பீக்கர்ல அக்காகிட்ட, "இரு, இந்த ஸ்ட்ரெயினுக்கு எவிடென்ஸ் இருக்கானு பாக்குறேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அம்மா சமையக்கட்டுல இருந்து வந்தாங்க. அம்மா அங்கன்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. போனைப் பிடுங்கி, "ஏம்மா, பிள்ளை கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"னு கேட்டாங்க.

அக்கா யோசிச்சு, "மத்தியானம்... ஒரு மணி இருக்கும்மா."

மணி பத்து. மத்தியானத்துல இருந்து ஒம்போது மணி நேரமா பிள்ளை ஒண்ணுக்குப் போகல. விசாரிச்சா, தண்ணி குடுத்தா இன்னும் ஜாஸ்தியா போகும்னு பையனோட அப்பத்தா தண்ணியைக் கொறச்சிருக்காங்க. அவங்க மேல கோபப்பட ஒண்ணுமில்ல, தலைமுறை தலைமுறையா நம்பி வந்தது அது. தயிர்சாதம் குடுத்தா சளி பிடிக்கும்னு அதுவும் கட். மிச்சம் அந்த ஆரஞ்சு ஜூஸ் மட்டும். அழுதா கண்ணுல தண்ணி வரலைன்னு அக்கா அப்பத்தான் கவனிச்சுச் சொல்றா. நான் பதினாலு டேப்ல பாக்டீரியாவைத் தேடிக்கிட்டு இருந்த நேரத்துல அங்க பிள்ளை காஞ்சுக்கிட்டு இருந்திருக்கான்.

உடனே கார். மதுரைக்குக் கொண்டு வந்து ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில காமிச்சோம். ட்ரிப்ஸ் போடுவாங்கன்னு நெனச்சேன். டூட்டி டாக்டர் அம்மா தோலைக் கிள்ளிப் பாத்தாங்க, வாயை, கண்ணைப் பாத்தாங்க. வாந்தி இல்லை, குடிக்க முடியுதுனு தெரிஞ்சதும் அக்கா கையில ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஒரு ஸ்பூனும் குடுத்து, "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். உங்க வேலை இதுதான் இன்னிக்கு"ன்னுட்டாங்க. அக்கா, அம்மா, நானுன்னு மாத்தி மாத்தி ஊட்டினோம். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு என் மடியிலயே ஒண்ணுக்குப் போனான். வாழ்க்கையில பேண்ட் நனைஞ்சதுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்.

அந்த டாக்டர்கிட்ட குட்டி பாட்டிலைக் காமிச்சுக் கேட்டேன். அவங்க சொன்னது எனக்கு இன்னும் மண்டையில நிக்குது: "இதைப் பத்தி அடுத்த தடவை ஆண்டிபயாட்டிக் ஆரம்பிக்கிற அன்னிக்குக் கேளுங்க. இன்னிக்கு ஸ்பூனைப் பிடிங்க."

அது ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அடுத்த ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன். இந்த எபிசோட் அதுதான்.

முதல்ல, ஆண்டிபயாட்டிக் குடிச்சா ஏன் வயித்தால போகுது? நம்ம பெருங்குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்கு. சிறுகுடல்ல செரிக்காம தப்பி வர்ற மாவுச்சத்து, நார்ச்சத்தை அதுங்க தின்னு, சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்துது. அதைக் குடல் உறிஞ்சும்போது கூடவே உப்பு, தண்ணியையும் உள்ள இழுத்துக்கும். ஆண்டிபயாட்டிக் இந்தக் குடியிருப்பை அடிச்சு நொறுக்கிருச்சுன்னா, அந்த மாவுச்சத்து அப்படியே கெடந்து தண்ணியைத் தன் பக்கம் இழுக்கும். மலம் தண்ணியாப் போகும். அமாக்ஸிசிலின் கூட வர்ற கிளாவுலனேட் இன்னொரு வேலையும் பண்ணும், குடலோட ஓட்டத்தையே வேகப்படுத்தும். அதனாலதான் அந்தக் காம்பினேஷன் குடுத்தா நெறைய பிள்ளைகளுக்கு இப்படி ஆகுது. க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசீல்னு ஒரு வில்லன் பாக்டீரியாவும் உண்டு, அடிச்சு நொறுக்கின எடத்துல வந்து கொடி நட்டு விஷம் கக்கும். ஆனா குழந்தைகளுக்கு வர்றது பெரும்பாலும் அது இல்லாத, தானா சரியாகுற ரகம்தான்.

சரி, அப்ப நல்ல பாக்டீரியாவை வெளியில இருந்து உள்ள அனுப்பினா? இதுக்குத்தான் கோக்ரேன் ரிவ்யூ பாக்கணும். உலகம் பூரா நடந்த சோதனைகளை ஒண்ணாச் சேத்து அலசுற அமைப்பு அது. குழந்தைகளும் ஆண்டிபயாட்டிக் வயித்துப்போக்கும் பத்தின அவங்களோட 2019 ரிவ்யூவுல 33 ஆய்வுகள், மொத்தம் 6352 குழந்தைகள். ப்ரோபயாட்டிக் சேத்துக் குடுத்த குழந்தைகள்ல 8 சதவீதம் பேருக்கு வயித்துப்போக்கு. குடுக்காதவங்கள்ல 19 சதவீதம்.

பாதிக்கு மேல கொறையுதே, சூப்பர்னு கைதட்டுறதுக்கு முன்னாடி நூறு பிள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சு யோசிங்க. நூறு பேருக்கும் ஆண்டிபயாட்டிக் குடுக்குறோம். ப்ரோபயாட்டிக் இல்லாமலே 81 பேருக்கு ஒண்ணும் ஆகாது. மிச்சம் 19 பேர். ப்ரோபயாட்டிக் குடுத்தா அதுல 11 பேர் தப்பிப்பாங்க, 8 பேருக்கு என்ன குடுத்தாலும் போகத்தான் செய்யும். அதாவது ஒம்போது பிள்ளைக்குக் குடுத்தா ஒரு பிள்ளைக்குப் பிரயோஜனம். இது மோசமான கணக்கு இல்ல. தினமும் டாக்டர்கள் எழுதுற எத்தனையோ மருந்தோட கணக்கு இதைவிட மோசம். ஆனா "என் பிள்ளைக்குக் குடுத்தேன், ஒண்ணும் ஆகல, அப்ப மருந்து வேலை செஞ்சிருச்சு"ன்னு நீங்க சொல்ல முடியாது. 81 பேர்ல ஒருத்தனா இருக்கலாம்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம். நடுவுல ஆய்வை விட்டு ஓடிப்போன குழந்தைகளை என்ன கணக்குல எடுக்குறது? இவங்க வேணும்னே ப்ரோபயாட்டிக்குக்குப் பாதகமா இருக்குற மாதிரி அனுமானம் பண்ணி, திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. பலன் கொறஞ்சது, ஆனா காணாமப் போகல. நம்ம பாஷையில சொன்னா, எட்ஜ் கேஸ் போட்டு ஒடைக்கப் பாத்தும் ஒடையல.

இப்ப முக்கியமான வார்த்தைக்கு வர்றேன். அந்த ரிவ்யூவோட தலைப்புலயே இருக்கு: தடுப்பு. வயித்துப்போக்கு வர்றதுக்கு முன்னாடி, ஆண்டிபயாட்டிக் ஆரம்பிக்கும்போதே கூடச் சேத்துக் குடுத்ததுக்கான கணக்கு அது. வந்ததுக்கு அப்புறம் ஓடிப்போய் வாங்கிக் குடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இவ்ளோ பலமான ஆதாரம் கிடையாது. மச்சான் குட்டி பாட்டில் வாங்கினது ஏழாவது தடவை போனதுக்கு அப்புறம். டேட்டாபேஸ் அழிஞ்சதுக்கு அப்புறம் பேக்கப் எடுக்குற கதை. நம்ம ஊர்ல பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது. மோஷன் போனா பாட்டில் வாங்கு.

"வயித்துப்போக்குக்கு நல்லதுனுதானே போட்டிருக்கு"ன்னு கேப்பீங்க. வைரஸால வர்ற சாதாரண வயித்துப்போக்குக்கு இதைக் குடுத்துப் பாத்த ரெண்டு பெரிய ஆய்வு 2018-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரே நாள்ல வந்துச்சு. அமெரிக்காவுல 971 குழந்தைகள், கனடாவுல 886 குழந்தைகள். எல்லாரும் நாலு வயசுக்கு உட்பட்டவங்க. ப்ரோபயாட்டிக் குடுத்தவங்களுக்கும் பொய்மருந்து குடுத்தவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. அமெரிக்க ஆய்வுல 11.8 சதவீதம், 12.6 சதவீதம். சேம் சேம். அமெரிக்கப் பிள்ளையோட குடலும் திருமங்கலம் பிள்ளையோட குடலும் ஒண்ணு இல்லைங்கிற வாதத்துல நியாயம் இருக்கு. இருந்தாலும், "எந்தப் பேதிக்கும் இது மருந்து"ங்கிற நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

அடுத்தது எந்த பாக்டீரியா, எத்தனைங்கிறது. "ப்ரோபயாட்டிக்"னு பொதுவாச் சொல்றது "சாஃப்ட்வேர்"னு பொதுவாச் சொல்ற மாதிரி. வேர்டும் சாஃப்ட்வேர்தான், வைரஸும் சாஃப்ட்வேர்தான். ஐரோப்பாவோட குழந்தைகள் குடல் மருத்துவர் சங்கமான எஸ்ப்கான், ஆண்டிபயாட்டிக் வயித்துப்போக்கைத் தடுக்க ரெண்டே ரெண்டு பேரைத்தான் சொல்லுது. ஒண்ணு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. கண்டுபிடிச்ச கோர்பாக், கோல்டின் ரெண்டு பேரோட முதல் எழுத்துதான் அந்த ஜி.ஜி. இன்னொண்ணு சாக்கரோமைசிஸ் பௌலார்டி. இது பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட். 1920-கள்ல இந்தோசீனாவுல காலரா பரவினப்ப, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் காய்ச்சிக் குடிச்சவங்க தப்பிச்சதைக் கவனிச்ச ஹென்றி பௌலார்டுங்கிற பிரெஞ்சுக்காரர் அதுல இருந்து பிரிச்செடுத்ததா சொல்வாங்க. இந்த ஈஸ்ட்ல ஒரு பெரிய வசதி இருக்கு. ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்டை ஒண்ணும் பண்ணாது. அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல குடுத்தாலும் பிரச்சனை இல்ல. லாக்டோபேசில்லஸ்னா ஆண்டிபயாட்டிக்குக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடச் சொல்வாங்க, இல்லைனா நாமளே அனுப்பி நாமளே கொன்ன மாதிரி ஆயிரும்.

எண்ணிக்கை? ஒரு நாளைக்குக் குறைஞ்சது 500 கோடி. அதுக்கு மேல குடுத்த ஆய்வுகள்லதான் பலன் நல்லாத் தெரிஞ்சது. கோக்ரேன் ரிவ்யூ சொல்ற அளவு 500 கோடியில இருந்து 4000 கோடி வரைக்கும்.

இப்ப அக்கா கையில இருந்த குட்டி பாட்டிலுக்கு வருவோம். நம்ம ஊர்ல அதிகமா கண்ணுல படுறது பேசில்லஸ் கிளாசி. எண்டரோஜெர்மினாங்கிற பேர்ல பாத்திருப்பீங்க, அதே ரகத்துல வேற கம்பெனிகளும் போடுறாங்க. 5 மில்லி தண்ணியில 200 கோடி ஸ்போர். ஸ்போர்னா ஓட்டுக்குள்ள தூங்குற பாக்டீரியா. வயித்து அமிலம், வெயில் எதுக்கும் அசையாது. இது இங்க இவ்ளோ பாப்புலர் ஆனதுக்கு நம்ம வெயிலும் ஒரு காரணமா இருக்கும்ங்கிறது என் யூகம். மே மாசம் மதுரையில 40 டிகிரி. கரண்டு போனா ஃப்ரிட்ஜே பீரோ ஆயிரும். லாக்டோபேசில்லஸ் மாதிரி சூடு தாங்காத உசிரைக் கம்பெனியில இருந்து கடை, கடையில இருந்து வீடுன்னு உசிரோட கொண்டு வந்து சேக்குறது லேசான காரியமில்ல. ஸ்போருக்கு அந்தக் கவலை இல்ல.

அப்ப ஏமாத்து வேலையா? இல்ல. உள்ள இருக்கிறது நெசமான பாக்டீரியாதான், வெறும் தண்ணி இல்லை. ஆனா குழந்தைங்க ஆண்டிபயாட்டிக் வயித்துப்போக்கைத் தடுக்குறதுல ஜி.ஜி.க்கும் பௌலார்டிக்கும் இருக்குற அளவு ஆதாரம் இதுக்கு இல்ல. அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான், ரெண்டு வாரம் லேட்டா.

லேபிளைப் பத்தி ஒரு சின்னப் புலம்பல். நம்ம நாட்டுல பல வருஷமா "லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீனஸ்"னு போட்டு மாத்திரை வித்திருக்காங்க. லாக்டோபேசில்லஸ் ஸ்போரே உருவாக்காது. உள்ள இருக்கிறது பேசில்லஸ் கோவாகுலன்ஸ். பழைய கோட்ல யாரோ தப்பா வெச்ச வேரியபிள் பேரை மாத்த பயந்து இருபது வருஷமா அப்படியே ஓட்டுவோமே, அதே கேஸ். பேரினம், இனம், ஸ்ட்ரெயின், காலாவதி ஆகுற தேதியில எத்தனை உசிரோட இருக்கும்ங்கிற எண்ணிக்கை, இது எல்லாம் லேபிள்ல இருக்கணும்னு ஐ.சி.எம்.ஆர்.-ம் உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேந்து உணவுல சேக்குற ப்ரோபயாட்டிக்குக்கு 2011-லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு. உங்க வீட்டுல இருக்குற பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. ஸ்ட்ரெயின் பேரு இருந்தா எனக்கு போட்டோ அனுப்புங்க.

தயிர் பத்தி கேக்காம விட மாட்டீங்க. 2015-ல ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாவுல ஆண்டிபயாட்டிக் சாப்பிட்ட 70 குழந்தைகளுக்கு ஒரு சோதனை. ஒரு பாதிக்கு ஜி.ஜி.யும் இன்னும் ரெண்டு ஸ்ட்ரெயினும் சேத்த யோகர்ட், இன்னொரு பாதிக்கு சாதா யோகர்ட். ஸ்பெஷல் யோகர்ட் சாப்பிட்டவங்கள்ல ஒருத்தருக்குக் கூட கடுமையான வயித்துப்போக்கு வரல, மத்தவங்கள்ல ஆறு பேருக்கு வந்துச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா கவனிங்க, தோத்த பக்கமும் யோகர்ட்தான் சாப்பிட்டாங்க. நம்ம வீட்டுல உறை ஊத்துற தயிர்ல என்ன பாக்டீரியா, எத்தனைங்கிறது வீட்டுக்கு வீடு, உறைமோருக்கு உறைமோர் மாறும். அது நல்ல சாப்பாடு. பேதி ஆகுற பிள்ளைக்குத் தயிர்சாதத்தை நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல, சளிக்கு பயந்தும் நிறுத்த வேண்டாம்னு டாக்டரே எங்க அத்தைகிட்ட சொன்னாங்க. ஆனா ஸ்ட்ரெயின் தெரிஞ்ச, எண்ணிக்கை தெரிஞ்ச மருந்துக்குப் பதில் தயிர்னு சொல்ல முடியாது. ஜிகர்தண்டாவைப் பத்தி தயவுசெஞ்சு கமெண்ட்ல கேக்காதீங்க.

எல்லாமே நல்ல செய்திதானானு கேட்டா, இல்ல. நெதர்லாந்து, போலந்துல எட்டு ஸ்ட்ரெயின் கலந்த ஒரு கலவையைக் குழந்தைகளுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வு 2022-ல வந்துச்சு. ஆண்டிபயாட்டிக் வயித்துப்போக்குக்குக் கறாரான வரையறை வெச்சுப் பாத்தப்ப, பலன்னு உறுதியாச் சொல்ல முடியல. பேர் நெறைய இருந்தா மருந்து பெருசுன்னு அர்த்தமில்லை. 2018-ல இஸ்ரேலோட வைஸ்மன் இன்ஸ்டிட்யூட் ஆய்வு இன்னும் சுவாரசியம். ஆண்டிபயாட்டிக் முடிச்ச பெரியவங்களுக்கு ப்ரோபயாட்டிக் குடுத்தா, அவங்களோட சொந்த பாக்டீரியா திரும்பி வர்றது லேட் ஆச்சு. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை உள்ள விடல. சின்ன ஆய்வு, அதுவும் பெரியவங்க மேல. ஆனா "எதுக்கும் இருக்கட்டும், ஒரு மாசம் குடுப்போம்"ங்கிற மனநிலைக்கு அது ஒரு பிரேக்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ஜோக் அடிக்கல. குறைமாசத்துல பொறந்த குழந்தை, எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்ச குழந்தை, பெரிய ரத்தக்குழாய்ல லைன் போட்டிருக்குற குழந்தை, இவங்களுக்கு டாக்டர் சொல்லாம எந்த ப்ரோபயாட்டிக்கும் குடுக்கக் கூடாது. அந்த "நல்ல" கிருமியே ரத்தத்துல கலந்து ஆபத்தாகும். ஆஸ்பத்திரியில இருக்குற குறைமாசக் குழந்தைகள் விஷயத்துல அமெரிக்க எஃப்.டி.ஏ. 2023-ல எச்சரிக்கையே விட்டுச்சு. மத்தபடி ஆரோக்கியமான குழந்தைகளுக்குப் பெரிய பக்கவிளைவு இல்லைனுதான் ஆய்வுகள் சொல்லுது.

அந்த ஆரஞ்சு டெட்ரா பேக்குக்குத் திரும்பப் போகணும், ஏன்னா அன்னிக்கு ராத்திரி குட்டி பாட்டிலைவிட மோசமான ஆள் அவன்தான். அட்டையில கொட்டை எழுத்துல ஓ.ஆர்.எஸ்.னு போட்டிருந்துச்சு. டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலாப்படி ஒரு லிட்டர்ல 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். குளுக்கோஸும் உப்பும் சேந்தாத்தான் குடல் தண்ணியை உள்ள இழுக்கும், அதனாலதான் அந்த அளவு. அதுல சர்க்கரையை அள்ளிக் கொட்டினா தண்ணி தலைகீழா குடலுக்குள்ள வரும், பேதி கூடும். அக்கா அஞ்சு மணி நேரமா பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். குடுக்குறதா நெனச்சுக்கிட்டு சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கா. படிச்சவதான், எம்.காம். ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷமா இதுக்காகப் போராடி, 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு உத்தரவு போட்டுச்சு: அந்த ஃபார்முலா இல்லாத பானத்துக்கு ஓ.ஆர்.எஸ்.ங்கிற பேரே போடக் கூடாது. எங்களுக்கு அஞ்சு மாசம் லேட். பாக்கெட்ல டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலானு இருக்கானு பாத்து வாங்குங்க, அதுல போட்டிருக்குற அளவு தண்ணியில மொத்த பாக்கெட்டையும் கலங்க, 24 மணி நேரத்துல மிச்சத்தைக் கொட்டிருங்க. ரெண்டு வயசுக்குக் கீழ இருந்தா ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் 50-ல இருந்து 100 மில்லி. ஒரே மடக்குல இல்ல, ஸ்பூன் ஸ்பூனா.

ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்குப் போகலைனா, கண்ணு உள்ள போயிருந்தா, கண்ணீர் இல்லாம அழுதா, துவண்டு கெடந்தா, மலத்துல ரத்தம் இருந்தா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுத்தா, கூகுள் பண்ணாதீங்க, என் பாட்காஸ்ட்டையும் தேடாதீங்க. வண்டியை எடுங்க. அப்புறம், ஆண்டிபயாட்டிக்கை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க. மிச்சம் இருக்குற அரை பாட்டில் சிரப்பை அடுத்த காய்ச்சலுக்குன்னு எடுத்தும் வைக்காதீங்க. கலக்கினதுக்கு அப்புறம் ஒரு வாரம்தான் அதுக்கு ஆயுசு.

அன்னிக்கு ராத்திரி டாக்டர் அந்த சிரப்பை நிறுத்தச் சொல்லிட்டாங்க. மூக்கு ஒழுகலோட வந்த காய்ச்சல், பெரும்பாலும் வைரஸ், இதுக்கு அது தேவைப்பட்டிருக்காதுன்னாங்க. ரெண்டு வாரம் ஸ்ட்ரெயின் ஸ்ட்ரெயினா படிச்சவன் நான், ஆனா இது என் தேடல் பட்டியல்லயே இல்ல. வேண்டாத ஆண்டிபயாட்டிக்கால வர்ற பேதியைத் தடுக்க எந்த ப்ரோபயாட்டிக் பெஸ்ட்னு தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆகஸ்ட்ல திரும்பவும் காய்ச்சல், இருமல். இந்தத் தடவை டாக்டர் காய்ச்சல் மருந்து மட்டும் எழுதி, ரெண்டு நாள் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. "இம்புட்டு தூரம் வந்ததுக்கு ஒரு மருந்தும் குடுக்கலையே அந்தம்மா"ன்னு அத்தைக்கு வருத்தம். மூணாவது நாள் பையன் தெருவுல ஓடிக்கிட்டு இருந்தான்.

நவம்பர்ல காதுல சீழ். இதுக்கு ஆண்டிபயாட்டிக் வேணும்னு சொன்னாங்க. அக்கா அங்கயே கேட்டுட்டா: "மேடம், கூடவே ப்ரோபயாட்டிக் இன்னிக்கே ஆரம்பிக்கலாமா? ஸ்ட்ரெயின் பேரைச் சீட்டுல எழுதிக் குடுங்க." டாக்டர் சிரிச்சுக்கிட்டே அந்த ஈஸ்ட் பவுடர் சாஷே எழுதிக் குடுத்தாங்க. முதல் வேளை சிரப்போட ஆரம்பிச்சு, சிரப் முடியுற வரைக்கும் குடுத்தா. ஒரு தடவை கூட வயித்தால போகல.

நான் விடுவேனா. போன் பண்ணி, "அக்கா, அதாலதான்னு சொல்ல முடியாது. நூத்துல 81 பேருக்கு எப்படியும் போகாது. ஒம்போது பேருக்குக் குடுத்தாத்தான் ஒருத்தனுக்குப் பலன்"னு ஆரம்பிச்சேன்.

"டேய், ஒம்போதுல ஒண்ணோ எட்டோ, எனக்கு இந்த வாரம் பெட்ஷீட் துவைக்கிற வேலை மிச்சம். போனை வையி, அவனுக்குச் சோறு ஊட்டணும்."